போர்ட்ரா 400 தோற்றத்தை டிஜிட்டல் கோப்பில் கொண்டுவருதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே ஆல்பத்தில் பாதிப் படங்கள் 35 மி.மீ. கோடக் போர்ட்ரா 400 ஃபிலிமில் எடுத்து ஸ்கேன் செய்தவை. மீதி, 24 மெகாபிக்சல் முழுச்சட்ட டிஜிட்டல் கேமராவின் ரா கோப்புகள் (சென்சார் பதிவுசெய்த, இன்னும் பதப்படுத்தாத தரவு). எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகும்போது எது ஃபிலிம், எது டிஜிட்டல் என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய முடியக்கூடாது. இதுதான் வேலை.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஓர் உருவப்படம். மாலை வெயில் பின்னாலிருந்து அடிக்கிறது. வெள்ளைச் சட்டை, தோளில் அடர்சிவப்புத் துணி, பின்னணியில் இலைகள், ஓரத்தில் வெயில் பட்டுத் தெறிக்கும் உலோகக் கம்பி. அதே லென்ஸ், அதே அபர்ச்சர், அதே நிமிடத்தில் ஃபிலிமிலும் ஒரு சட்டம் (ஃபிரேம்), டிஜிட்டலிலும் ஒரு சட்டம். ஃபிலிம் தோற்றத்தைப் பொய்யாக்கிக் காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாமே இந்த ஒரு படத்தில் இருக்கின்றன: தோல், வெள்ளை, சிவப்பு, பச்சை, எரியும் வெளிச்சம்.

முதல் முயற்சி ஏன் கெட்டது

கடையில் கிடைக்கும் 'போர்ட்ரா' பிரீசெட் (தயார்நிலை அமைப்புத் தொகுப்பு) ஒன்றை ரா கோப்பின் மேல் போட்டதும் கிடைத்தது இது: கறுப்பு சாம்பலாகிவிட்டது, இலைகள் நீலப்பச்சைக்குப் போய்விட்டன, கன்னம் இளஞ்சிவப்பாகவும் நெற்றி மஞ்சளாகவும் பிரிந்துவிட்டன, கிரெயின் (ஃபிலிமின் மணித்தன்மை) படத்துக்குள் இல்லாமல் மேலே ஒட்டிய தாள் மாதிரி நின்றது.

பிரீசெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வேறொரு கேமரா புரொஃபைலுக்கும் (ரா தரவை நிறமாக மாற்றும் விதிக்கோப்பு), வேறொரு எக்ஸ்போஷருக்கும், யாரோ ஒருவரின் ஸ்கேனருக்கும் தைத்த சட்டை. லைட்ரூம் மென்பொருளின் 'அடோப் கலர்' புரொஃபைலுக்குள் ஏற்கெனவே ஒரு கான்ட்ராஸ்ட் கர்வ் (உள்ளே வரும் ஒளிர்வை வெளியே வரும் ஒளிர்வாக மாற்றும் வளைகோடு) ஒளிந்திருக்கிறது. அதன் மேல் பிரீசெட்டின் எஸ் வடிவக் கர்வும் ஏறினால் நிழல் இரண்டு முறை நசுங்கும். அதை மறைக்கப் பிரீசெட் கறுப்பைத் தூக்கிவிடுகிறது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மாலை வெயிலின் மஞ்சளை முன்பே பாதி துடைத்துவிட்டதால், அதன் மேல் சேர்க்கும் சூடு தோலில் மட்டும் திரள்கிறது.

அடிப்படைக் கோளாறு இன்னொன்று. ஃபிலிம் தோற்றம் என்பதை ஒரு நிறச் சாயமாக எண்ணுவது. வெளிச்சம் ஏற ஏற ஃபிலிம் எப்படிப் பதிலளிக்கிறது என்பதில்தான் அந்தத் தோற்றம் இருக்கிறது. எனவே கடைசியில் பூசும் பூச்சாக அதைக் கொண்டுவர முடியாது. ரா கோப்பைத் திறக்கும் முதல் படியிலிருந்து வரிசையாகக் கட்ட வேண்டும்.

எதைப் பார்த்து ஒப்பிடுவது

நெகட்டிவுக்கென்று தனியாக ஒரு தோற்றம் கிடையாது. ஆரஞ்சு நிற அடித்தளத்தில் தலைகீழான நிறங்கள்தான் அதில் உள்ளன. காகிதத்திலோ ஸ்கேனரிலோ ஏறிய பிறகே அது படம். ஒரே நெகட்டிவை ஃபியூஜி ஃபிரான்டியர் ஸ்கேனர் ஒரு மாதிரியும் நோரிட்சு ஸ்கேனர் இன்னொரு மாதிரியும் தரும். இணையத்தில் 'போர்ட்ரா நிறம்' என்று புழங்குவதில் கணிசமான பங்கு ஸ்கேனரையும் அதை இயக்கியவரையும் சேரும். போதாக்குறைக்கு, போர்ட்ரா 400-ஐ ஐஎஸ்ஓ 200 என்று வைத்து ஒரு ஸ்டாப் (இருமடங்கு வெளிச்சம்) கூடுதலாக எடுப்பது பரவலான பழக்கம். அந்த வெளிறிய மென்மையை ஃபிலிமின் இயல்பு என்று நினைத்துப் பின்தொடர்ந்தால் இலக்கே தவறிவிடும். ஃபிலிம்கூட ஒன்றல்ல: போர்ட்ரா குடும்பம் 1998-ல் வந்தது, இன்றைய 400 வடிவம் 2010-ல் வந்தது.

ஆகவே ஒப்பீட்டுக்கு இந்த ஆல்பத்தின் ஸ்கேன் மட்டுமே ஆதாரம். ரோலின் தொடக்கத்தில் 24 கட்ட கலர்செக்கர் அட்டையை (மதிப்பு தெரிந்த நிறக் கட்டங்கள் கொண்ட ஒப்பீட்டு அட்டை) நடுப்பகல் வெயிலில் ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் எடுத்திருக்க வேண்டும். சரியான எக்ஸ்போஷர் ஒன்று, அதோடு ஒரு ஸ்டாப் குறைவு, ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப் கூடுதல். ஸ்கேன் செய்யும்போது தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் நிறுத்தி, முதல் அட்டைக்கு வைத்த அமைப்பையே எல்லாச் சட்டங்களுக்கும் பூட்ட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஸ்கேனர் மூன்று ஸ்டாப் கூடிய சட்டத்தையும் நடுவுக்கு இழுத்துத் தந்துவிடும். வெளிச்சம் எப்படி வளைகிறது என்ற தகவலே கையைவிட்டுப் போகும். ஸ்கேன் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக இருக்கட்டும்.

ரா கோப்பைத் திறக்கும் நிலை

ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்தி ஆல்பம் முழுவதும் பூட்டவும். பகலொளி ஃபிலிம் அந்த வெப்பநிலைக்கே சமன்செய்யப்பட்டது. நிழலில் நீலமாகவும் மாலையில் மஞ்சளாகவும் சாய்வது அதன் குணம். சட்டத்துக்குச் சட்டம் வெள்ளையைத் திருத்தும் டிஜிட்டல் பழக்கம்தான் இரண்டு வகைப் படங்களையும் பிரித்துக் காட்டும் முதல் காரணம். டின்ட் ஸ்லைடரை மட்டும் நடுப்பகல் அட்டையின் சாம்பல் கட்டத்தைப் பார்த்து ஒருமுறை சரிசெய்தால் போதும்.

புரொஃபைல் நேர்கோட்டில் இருக்க வேண்டும். அடோபின் டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் அடிப்படை டோன் கர்வை 'லீனியர்' என்று மாற்றிச் சேமித்தால் அந்தக் கேமராவுக்கான நேர்கோட்டுப் புரொஃபைல் கிடைத்துவிடும். படம் தட்டையாக, இருண்டு தெரியும். பயப்பட வேண்டாம், கர்வ் இனிமேல்தான் வருகிறது. டார்க்டேபிள் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் சிக்மாய்ட், ஃபில்மிக் என்ற டோன் தொகுதிகள் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து, அதற்கு முன்னால் வேறு அடிப்படைக் கர்வ் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

லைட்ரூம் தானாக வைக்கும் ஷார்ப்பனிங் 40. அதை 0 ஆக்கவும். நிற நாய்ஸ் குறைப்பு 25 அப்படியே இருக்கலாம். உயர் ஐஎஸ்ஓவில் எடுத்த சட்டம் என்றால் ஒளிர்வு நாய்ஸையும் இங்கேயே நீக்கிவிட வேண்டும். சென்சாரின் நாய்ஸ் நிழலில் அதிகம். ஃபிலிம் பிரதியின் கிரெயின் நடுச்சாயலில் கண்ணுக்கு அதிகம். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் நிழல் அழுக்காகிவிடும்.

எக்ஸ்போஷர் தத்துவம் இரண்டிலும் நேர் எதிர். நிற நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை இரண்டு, மூன்று ஸ்டாப் வரை தாங்கும், குறைந்தால்தான் கலங்கும். சென்சார் நிழலைத் தாங்கும், மேலே முட்டினால் தகவல் போயே போய்விடும். அதனால் பின்வெளிச்சக் காட்சிகளை டிஜிட்டலில் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து, இந்த நிலையில் எக்ஸ்போஷரை +1 ஏற்றுவதே பாதுகாப்பு. சட்டையின் வெயில் பட்ட மடிப்பில் மூன்று சானல்களில் ஒன்று முட்டியிருந்தாலும், பின்னால் வரும் எந்தக் கர்வும் அதை மீட்காது. அந்த இடம் மஞ்சளாகத் திரும்பும்.

கர்வ்

அடர்த்திக்கும் (ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) எக்ஸ்போஷருக்குமான வளைவை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1890-ல் வெளியிட்டார்கள். இன்றும் வேலை அதே வளைவோடுதான். நெகட்டிவின் நடுப்பகுதி நீண்ட நேர்கோடு, சரிவு சுமார் 0.6 மட்டுமே. காகிதமோ ஸ்கேனர் மென்பொருளோ அதைச் செங்குத்தாக்கி, இரு முனைகளையும் வளைக்கிறது. டிஜிட்டலில் நாம் போடும் கர்வ் இந்த இரண்டின் கூட்டு விளைவு.

கண்ணால் இழுத்து வைக்காமல் அட்டையிலிருந்து அளந்து வைப்பதே நேர்வழி. கலர்செக்கரின் கடைசி வரிசையில் ஆறு சாம்பல் கட்டங்கள். எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (0 முதல் 255 வரை) அவற்றின் மதிப்புகள் ஏறத்தாழ 243, 200, 160, 122, 85, 52. நேர்கோட்டுப் புரொஃபைலில் திறந்த டிஜிட்டல் அட்டையில் ஒவ்வொரு கட்டத்தின் சிவப்பு, பச்சை, நீல மதிப்பையும் குறித்துக்கொள்ளவும். ஃபிலிம் ஸ்கேனிலும் அப்படியே. டிஜிட்டல் மதிப்பு உள்ளீடு, ஸ்கேன் மதிப்பு வெளியீடு. சானலுக்கு ஆறு புள்ளி வீதம் மூன்று கர்வ்கள் தாமாகவே அமைந்துவிடும். நிழலில் லேசான பச்சைச் சாய்வு, வெளிச்சத்தில் லேசான சூடு என்று ஸ்கேனர் செய்திருந்தால் அதுவும் இதிலேயே வந்துவிடும். தனியாக 'கலர் கிரேடிங்' சக்கரங்களைத் தொட வேண்டியதில்லை. இந்தச் சாய்வுகள் பெரும்பாலும் சில அலகுகள்தான். 15, 20 என்று வந்தால் அட்டையில் வேறெதோ நிறம் எதிரொளித்திருக்கிறது.

அட்டையின் வெள்ளைக்கு மேலே இருப்பதை அட்டை சொல்லாது. அதற்குத்தான் கூடுதல் ஸ்டாப் சட்டங்கள். ஃபிலிமின் +1, +2, +3 சட்டங்களில் அதே வெள்ளைக் கட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தோள்பகுதி (வளைவின் மேல்முனை) எவ்வளவு மெதுவாகச் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அட்டை இல்லாமல் தொடங்குபவர்களுக்கு ஒரு பொதுவான ஆரம்பப் புள்ளி வரிசை: 0→6, 32→24, 64→60, 118→122, 180→196, 225→232, 255→248. 118 என்பது 18 சதவீதச் சாம்பல் எஸ்ஆர்ஜிபியில் விழும் இடம். முகம் மிகையாக ஒளிர்ந்தால் 180-ஆம் புள்ளியை இறக்க வேண்டும், 118-ஐத் தொடக்கூடாது.

கறுப்பு 6 என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 'ஃபிலிம் என்றால் கறுப்பு மங்கல்' என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடர்த்தி 2.0 உள்ள காகிதக் கறுப்பு, வெள்ளையின் நூறில் ஒரு பங்கு ஒளியைத் திருப்புகிறது. எஸ்ஆர்ஜிபியில் அது 25. பிரீசெட்டுகள் தூக்கும் 40 என்பது அடர்த்தி 1.67. வெளிறிப்போன பழைய பிரதியிலோ, எக்ஸ்போஷர் குறைந்த நெகட்டிவை ஸ்கேனர் இழுத்துக் காட்டும்போதோதான் அப்படி வரும். இந்த ஆல்பத்தின் ஸ்கேனில் கறுப்பு ஒற்றை இலக்கத்தில் இருந்ததால் டிஜிட்டலிலும் ஒற்றை இலக்கமே. ஆரஞ்சு அடித்தளத்தை நினைத்துப் படத்தின் மேல் ஆரஞ்சு அடுக்கு போடுவதும் இதே ரகம். நெகட்டிவின் அந்த முகமூடி பிரதியில் நீங்குவதற்காகவே வைக்கப்பட்டது.

நிறம்: கூட்டலா கழித்தலா

ஆய்வில் அதிக நேரம் தின்ற இடம் சிவப்புத் துணி. கர்வ் பொருந்திய பிறகும் டிஜிட்டல் சிவப்பு ஒளிர்ந்து முன்னால் வந்து நின்றது. ஸ்கேனில் அதே சிவப்பு செறிவாகவும் கனமாகவும் உள்ளே அமர்ந்திருந்தது. சாச்சுரேஷனைக் குறைத்தால் துணி வெளிறியது, கூட்டினால் எரிந்தது.

காரணம் இது. ஃபிலிமில் நிறம் சாயத்தால் வருகிறது. சாயம் கூடினால் ஒளி கழியும். செறிவு ஏற ஏற நிறம் இருளும். சாதாரண சாச்சுரேஷன் ஸ்லைடர் ஒளிர்வை மாற்றாமல் சானல்களை விலக்குகிறது, அதனால் வலுவான சானல் மேலே ஏறுகிறது. துணியின் நேர்கோட்டு மதிப்புகள் சிவப்பு 0.40, பச்சை 0.10, நீலம் 0.08 என்று வைத்துக்கொள்வோம். சாச்சுரேஷனை 1.2 மடங்காக்கினால் சிவப்பு 0.45-க்கு ஏறும், பச்சை 0.09, நீலம் 0.06 ஆகும், ஒளிர்வு மாறாது. அதே வேலையை அடர்த்தியில் செய்தால் கதை வேறு. ஒவ்வொரு சானலையும் எதிர்மறை லாகரிதமாக மாற்றினால் அடர்த்திகள் 0.40, 1.00, 1.10. மிகக் குறைந்த அடர்த்தியை (இங்கே சிவப்பு) அப்படியே நிறுத்தி, அதிலிருந்து மற்றவற்றின் தூரத்தை மட்டும் 1.2 மடங்காக்கி மீண்டும் மாற்றினால் சிவப்பு 0.40, பச்சை 0.076, நீலம் 0.058. செறிவு கூடியது, ஒளிர்வு சுமார் 12 சதவீதம் இறங்கியது, எந்தச் சானலும் மேலே முட்டவில்லை. துணி ஸ்கேனில் உள்ளது போல் அமர்ந்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

இந்தக் கணக்கை ஒரு முப்பரிமாண லட் கோப்பாக (உள்ளீட்டு நிறத்துக்கு வெளியீட்டு நிறம் சொல்லும் அட்டவணை) எழுதிவைக்கலாம். பக்கத்துக்கு 33 புள்ளிகள், மொத்தம் 35,937. சிறிய ஸ்கிரிப்ட் போதும். எஸ்ஆர்ஜிபி குறியீட்டில் வரும் உள்ளீட்டுக்கு எழுதிய லட்டை நேர்கோட்டுத் தரவின் மேலோ லாக் தரவின் மேலோ போட்டால் படம் கன்னாபின்னாவென்று ஆகும். லட் பிழை என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டார்க்டேபிளின் கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் சாச்சுரேஷனை ஏற்றி பிரில்லியன்ஸை இறக்கினால் இதை ஒட்டிய விளைவு வரும்.

லைட்ரூமுக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் தோராய வழி உண்டு. பொதுச் சாச்சுரேஷன் −10. கேலிபரேஷனில் நீல முதன்மையின் சாச்சுரேஷன் +20. பிறகு எச்எஸ்எல் பகுதியில் (நிறம் வாரியாகச் சாயல், சாச்சுரேஷன், ஒளிர்வு மாற்றும் இடம்) சிவப்பின் ஒளிர்வு −12, ஆரஞ்சின் ஒளிர்வு +5, மஞ்சளின் சாயல் −8, பச்சையின் சாச்சுரேஷன் −25, பச்சையின் ஒளிர்வு −10. இவை இந்தப் படத்துக்கு அமைந்த எண்கள். உங்கள் அட்டை வேறு சொல்லலாம். எச்எஸ்எல்லில் எதையும் ±30-க்கு மேல் தள்ளக்கூடாது. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவேதான் மனிதத் தோல் முழுவதும் கிடக்கிறது. ஒன்றை மட்டும் வலிந்து நகர்த்தினால் உதட்டோரத்திலும் காது மடலிலும் திட்டுத் திட்டாகப் பிரியும். முதல் முயற்சியில் கன்னமும் நெற்றியும் பிரிந்தது இதனால்தான்.

24 கட்டங்களை மட்டும் வைத்து நேரடியாக லட் உருவாக்கும் மென்பொருள்களும் உண்டு. கட்டங்களில் அருமையாகப் பொருந்தும், கட்டங்களுக்கு நடுவே மடிப்பு விழும். வானத்தின் மெல்லிய நிறமாற்றத்தில் கோடு தெரிந்தால் அதுதான். முதலில் கர்வ், பிறகு மென்மையான ஒட்டுமொத்த மாற்றம், கடைசியில் சிறு எச்எஸ்எல் திருத்தம் என்ற வரிசை மந்தமானது, ஆனால் உடையாது.

ஹேலேஷன்

கடும் வெளிச்சம் எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சைத் துளைத்து, அடித்தளத்தின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் எமல்ஷனைத் தாக்குவது ஹேலேஷன். நிற ஃபிலிமில் நீல அடுக்கு மேலே, பச்சை நடுவில், சிவப்பு அடியில். திரும்பி வரும் ஒளி முதலில் சிவப்பு அடுக்கைத் தொடுவதால் வளையம் செம்மஞ்சளாக இருக்கும். பின்பக்கக் கரி அடுக்கை நீக்கி விற்கப்படும் சினிஸ்டில் 800டி-யில் இது அப்பட்டம். போர்ட்ராவில் தடுப்பு அடுக்கு இருக்கிறது, அதனால் மிகச் சிறிது. உலோகக் கம்பியின் விளிம்பில் மட்டும் ஸ்கேனில் தெரிந்தது.

வளையத்தின் அளவை ஊகிக்கத் தேவையில்லை. 35 மி.மீ. ஃபிலிமின் அடித்தளம் சுமார் 0.13 மி.மீ. தடிமன். அதற்குள் முழு எதிரொளிப்புக்கான கோணம் ஏறக்குறைய 42 பாகை. போய்த் திரும்பும் பாதையைக் கணக்கிட்டால் வளையத்தின் ஆரம் 0.23 மி.மீ. சட்டத்தின் 36 மி.மீ. அகலம் 6000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 6 மைக்ரான், ஆக ஆரம் சுமார் 38 பிக்சல். காசியன் பிளர் 15 வைத்தால் ஒளி அந்தத் தூரத்துக்குள் கரைந்துவிடும். 120 ஃபிலிமில் சட்டம் பெரிது, அதனால் அதே வளையம் படத்தின் விகிதத்தில் சிறுத்துவிடும்.

செய்முறை: அதே ரா கோப்பை எக்ஸ்போஷர் −2 வைத்து இரண்டாவது முறை திறக்கவும். அதில் லெவல்ஸ் மூலம் 200-க்குக் கீழுள்ள எல்லாவற்றையும் கறுப்பாக்கவும். மிஞ்சுவது உண்மையான ஒளிமூலம் மட்டும். பிளர் 15 பிக்சல். நிறம் 255, 70, 20. மேல் அடுக்காக வைத்து 'ஸ்கிரீன்' முறையில் 10 சதவீதம். முடிந்த படத்திலிருந்தே முகமூடி (மாஸ்க்) எடுத்தால் வெள்ளைச் சட்டையும் 235-க்கு மேல் இருப்பதால் அதற்கும் செவ்வளையம் விழுந்து, சட்டை சாயம் போனது போல் ஆகும். இரண்டாவது முறை திறப்பது அதைத் தவிர்க்கத்தான். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பார்த்து 'அழகாக இருக்கிறது' என்று தோன்றினால் பாதியாகக் குறைக்கலாம்.

கூர்மையும் கிரெயினும்

டிஜிட்டல் விளிம்பு கத்திமுனை போல. ஃபிலிம் விளிம்பில் நுண்விவரம் குறைவு, நடுத்தர அளவு விவரம் ஒரு பங்கு கூடுதல். டெவலப்பர் விளிம்புகளில் சீராக வேலை செய்யாததால், குறைந்த அதிர்வெண்ணில் ஃபிலிமின் கான்ட்ராஸ்ட் 100 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. இதைப் பின்பற்ற இரண்டு படி போதும்: காசியன் பிளர் 0.7 பிக்சல், அதன் பின் அன்ஷார்ப் மாஸ்க் ஆரம் 4 பிக்சல், அளவு 20 சதவீதம். 'கிளாரிட்டி' இதற்கு மாற்றாகாது, அதன் ஆரம் மிகப் பெரிது.

கிரெயின் எப்போதும் இறுதி அளவில். 6000 பிக்சலில் போட்டு 2000-க்குச் சுருக்கினால் ஒன்பது பிக்சல்கள் ஒன்றாகி, நுண்ணிய கிரெயினின் வலிமை மூன்றில் ஒன்றாகிவிடும். அதை ஈடுகட்ட முதலிலேயே அதிகம் போடுபவர்களின் அச்சுப் பிரதி மணல் கொட்டியது போல் வரும். ஆல்பப் பக்கம் 10 அங்குலம், 300 பிபிஐ என்றால் 3000 பிக்சல். டிஜிட்டல் படத்தையும் ஃபிலிம் ஸ்கேனையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கிரெயின்.

50 சதவீதச் சாம்பல் நிரப்பிய அடுக்கு ஒன்று, 16 பிட்டில். அதில் காசியன் நாய்ஸ் 10 சதவீதம், ஒற்றை நிறத் தேர்வு இல்லாமல். பிளர் 0.5. பிறகு அந்த அடுக்கின் சாச்சுரேஷனைப் பாதியாக்கவும். நிற ஃபிலிமில் மூன்று அடுக்குகளின் சாய மேகங்கள் தனித்தனி, எனவே கிரெயினிலும் கொஞ்சம் நிறம் உண்டு. முற்றிலும் சாம்பல் கிரெயின் நிறப்படத்தின் மேல் ஒட்டாமல் நிற்பதன் காரணம் இதுவே. லைட்ரூமின் கிரெயின் பகுதியில் இந்த நிறக்கலவை கிடைக்காது, அளவு 25-ஐத் தாண்டினால் படமும் சற்று மங்கும். இரண்டாவதாக இன்னொரு நாய்ஸ் அடுக்கு, பிளர் 1.5, முதலாவதன் பாதி வலிமை. ஒரே அளவு மணிகள் இயற்கையில் இல்லை. இரண்டும் 'ஓவர்லே' முறையில். ஓவர்லே தூய கறுப்பிலும் தூய வெள்ளையிலும் தானே செயலிழந்துவிடுவதால், நடுச்சாயலில் கிரெயின் குவிய வேண்டும் என்ற தேவை முகமூடி இல்லாமலேயே நிறைவேறும்.

எவ்வளவு போதும் என்பதைக் கண்ணிடம் விடக்கூடாது. ஸ்கேனில் அட்டையின் நடுச்சாம்பல் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டோகிராம் பலகையில் திட்டவிலக்கத்தைப் படிக்கவும். டிஜிட்டல் கட்டமும் அதே எண்ணுக்கு வரும்வரை அடுக்கின் வலிமையை மாற்றவும். அதன்பின் இரண்டையும் நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி மீண்டும் படிக்கவும். முதல் எண் ஒத்து இரண்டாவது எண் டிஜிட்டலில் குறைந்தால் மணி மிகச் சிறிது, பிளரைக் கூட்ட வேண்டும். கூடினால் மணி பெரிது. இந்த ஒரே சோதனை வலிமையையும் அளவையும் பிரித்துக் காட்டிவிடும்.

ஒரு நுணுக்கம் உண்டு. நிற நெகட்டிவில் எக்ஸ்போஷர் கூடினால் சாய மேகங்கள் நெருங்கிக் கிரெயின் குறையும். குறைந்தால் நிழல் கரடுமுரடாகும். கறுப்பு வெள்ளையில் தலைகீழ்: அடர்த்தி கூடக்கூடக் கிரெயினும் கூடும். எனவே அட்டையில் அளந்த எண்ணை எல்லாச் சட்டங்களுக்கும் அப்படியே போடாமல், பக்கத்தில் வரும் ஃபிலிம் சட்டத்தைப் பார்த்துச் சற்றே கூட்டிக்குறைக்க வேண்டும்.

ஒட்டாமல் நின்றவை

மற்றச் சட்டங்களுக்குக் கடத்தும்போது எக்ஸ்போஷர் மட்டுமே சட்டத்துக்குச் சட்டம் மாறலாம், அதுவும் கர்வுக்கு முன்னால். கர்வுக்குப் பின்னால் ஒளிர்வைத் தொட்டால் தோள்பகுதியின் வளைவு இடம் மாறி, அந்தச் சட்டம் மட்டும் வேறு ஃபிலிம் போல் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில நிறங்கள் பிடிகொடுக்கவில்லை. ஊதா துணிகளும் சில நீலப் பூக்களும் ஸ்கேனில் இளஞ்சிவப்பாகச் சாய்ந்திருந்தன, டிஜிட்டலில் நீலமாகவே நின்றன. அஜெரேட்டம் பூவின் பெயரால் அறியப்படும் பழைய சிக்கல் இது: பூ கண்ணுக்குத் தெரியாத அளவில் தொலைசிவப்பைத் திருப்புகிறது, ஃபிலிமின் சிவப்பு அடுக்கு அதைப் பதிவுசெய்கிறது, சென்சாரின் முன்னுள்ள வடிகட்டி அதை வெட்டிவிடுகிறது. பதிவாகாத தகவலை எந்த லட்டும் உண்டாக்காது. அந்தத் துணியை மட்டும் முகமூடி போட்டுக் கையால் நகர்த்துவதே வழி. செயற்கை இழைகளில் ஒரே கறுப்பு, ஃபிலிமில் பழுப்பாகவும் டிஜிட்டலில் நீலமாகவும் வருவதற்கும் இதே கையாள்கைதான்.

வேறு ஃபிலிம் என்றால்

கோடாக்குரோமுக்கு இந்தக் கர்வ் பொருந்தாது. 1935-ல் வந்து 2009-ல் உற்பத்தி நின்ற ஸ்லைடு ஃபிலிம் அது. கறுப்பு மிக ஆழம், வெளிச்சத்தில் தாங்கும் வரம்பு குறுகல். அதன் பெயரில் கறுப்பைத் தூக்கிய பிரீசெட் விற்பதில் பொருளே இல்லை. தோள்பகுதியைச் சுருக்கி, நிழலைச் செங்குத்தாக்கி, அடர்த்திப் பெருக்கத்தை 1.3 வரை ஏற்றித் தொடங்கலாம்.

ட்ரை-எக்ஸ் போன்ற கறுப்பு வெள்ளைக்கு நிறப் படிகள் எல்லாம் விழுந்துவிடும், சானல் கலவை மட்டும் மிஞ்சும். மென்பொருளின் இயல்பான ஒளிர்வுக் கலவை சிவப்பு 21, பச்சை 72, நீலம் 7 சதவீதம். ஃபிலிம் நீலத்தை இதைவிட மிக அதிகம் பார்க்கிறது, அதனால் வானம் வெளிறும். மூன்றையும் கிட்டத்தட்டச் சமமாக வைத்துத் தொடங்கவும். மஞ்சள் வடிகட்டி போட்ட தோற்றம் வேண்டுமானால் நீலத்தை மட்டும் இறக்கவும். கிரெயினுக்கு வெளியிட்ட அளவே உண்டு: ட்ரை-எக்ஸ் 400-க்கு ஆர்எம்எஸ் (அடர்த்தி ஏற்றத்தாழ்வின் அளவு) 17, டி-மேக்ஸ் 100-க்கு 8. இவை 48 மைக்ரான் துளை வழியே அளந்தவை. 6000 பிக்சல் அகலப் படத்தில் அது 8 பிக்சல் விட்டம்.

அச்சுக்கு அனுப்பும்போது

கிரெயின் உள்ள கோப்பு ஜேபெக்கில் பெரிதாகும். அதைக் குறைக்கத் தரத்தை இறக்கினால் 8×8 பிக்சல் கட்டங்களில் முதலில் அழிவது கிரெயின்தான். நிழல் பகுதியில் வழவழப்பான திட்டும் கரடான திட்டும் மாறிமாறி வரும். அச்சகம் ஏற்றால் டிஃப், இல்லையேல் தரம் 12 ஜேபெக். நிறத் துணைமாதிரி எடுத்தல் (நிறத் தகவலை மட்டும் குறைத்துச் சேமித்தல்) நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரெயினில் வைத்த நிறம் கரைந்துவிடும். அச்சகத்தின் தானியங்கி ஷார்ப்பனிங்கையும் நிறத் திருத்தத்தையும் நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுக்கவும். ஃபிலிம் ஸ்கேன்களும் டிஜிட்டல் கோப்புகளும் ஒரே நிறவெளியில், ஒரே தொகுப்பில், ஒரே நாளில் அச்சாக வேண்டும். முழு ஆல்பத்துக்கும் முன்னால் எதிரெதிர்ப் பக்கம் ஒரு ஜோடியை மட்டும் சோதனைப் பிரதி எடுத்து, பகலொளியில் வைத்துப் பார்த்து, திருத்தம் தேவைப்பட்டால் டிஜிட்டல் பக்கத்தில் மட்டும் செய்ய வேண்டும்.